ஏழாவது போல்ட்

பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. பட்டறைத் தெருவில் அவர் பெயர் மீட்டர். ஒரு போல்ட் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைக் கருவியைவிட அவர் கை சரியாகச் சொல்லும் என்று முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். பாராட்டாகச் சொன்னார்களா, கிண்டலாகச் சொன்னார்களா என்பது இன்றுவரை தெளிவில்லை. அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

உள்ளபடி சொன்னால், அவரைவிடக் கெட்டிக்கார மெக்கானிக்குகள் அதே தெருவில் இரண்டு பேர் உண்டு. இவர் நிதானமானவர், அவ்வளவுதான். கழற்றிய போல்ட்டுகளை அட்டையில் ஓட்டை போட்டு வரிசை மாறாமல் செருகி வைப்பார். துடைக்காமல் எதையும் மாட்டமாட்டார். கருவி வேண்டாம் என்கிற வீம்பும் கிடையாது. குறித்த இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கிற டார்க் ஸ்பேனர் வைத்திருக்கிறார்; அதைக் கொண்டுதான் இறுக்குவார். ஆனால் வண்டி தனக்கு வேண்டியவர்களுடையது என்றால், 'டக்' கேட்ட பிறகும் கை சும்மா இருக்காது. இருக்கட்டும் என்று இன்னொரு கால் சுற்றுக் கொடுக்கும். வாயால் பாசம் காட்டத் தெரியாத மனிதர். எல்லாம் அந்தக் கால் சுற்றில் போய்விடும்.

அந்த வெள்ளிக்கிழமை ஷெட்டில் பிரிந்து கிடந்தது அவருடைய மனைவியின் வேன். பன்னிரண்டு வருடமாக அதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள். இப்போது பதினாலு பேர். விடுமுறை முடிவதற்குள் எஞ்சினைப் பிரித்துப் புதுசாகக் கோத்துத் தருவதாக மீட்டர் வாக்குக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது.

அதுவரை வேலை ஒழுங்காகத்தான் போயிற்று. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கி, அடிப்பாகமான பிளாக்கின் மேல், நடுவில் கசிவு தடுக்கும் புது கேஸ்கெட்டோடு உட்கார வைத்து, பத்து போல்ட்டையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையாக இறுக்கிக்கொண்டு வந்தார். கடைசித் தவணை, ஏழாவது போல்ட். 'டக்' என்றது. கை வழக்கம்போல் இன்னொரு கால் சுற்றுக் கொடுத்தது. முறுக்கிக்கொண்டு நின்ற ஸ்பேனர் சட்டென்று பாரம் இழந்து தன் பாட்டுக்குச் சுற்றியது.

போல்ட்டை வெளியே எடுத்தார். அதன் மேல் பளபளவென்று ஒரு மெல்லிய சுருள் ஒட்டிக்கொண்டு வந்தது. பிளாக்கின் உள்ளே இருந்த அலுமினிய மரை அப்படியே உரிந்து வந்திருந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒழுங்காகச் செய்வதென்றால் ஹெட்டை மறுபடி கழற்ற வேண்டும். ஒருமுறை நசுங்கிவிட்டதால் புது கேஸ்கெட் குப்பைக்குப் போக வேண்டும். துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, போல்ட்டைப் பிடித்துக்கொள்ள அதற்குள் எஃகுச் சுருள் ஏற்ற வேண்டும். துளை ஒரு மயிரிழை சாய்ந்தாலும் பிளாக்கே போயிற்று. இன்னொரு வழியும் இருந்தது. அலமாரியில் உலோகப் பசை இருந்தது. துளையில் அடைத்து, போல்ட்டை நட்டு, காயவிட்டால் பிடித்துக்கொள்ளும். மூன்று நான்கு மாதம் ஓடும். பிறகு கசிந்தால் கேஸ்கெட்டின் மேல் பழியைப் போட்டுவிடலாம். கேஸ்கெட் வாய் திறந்து மறுக்கப் போவதில்லை.

அவர் அட்டைத் துண்டில் பசையைப் பிதுக்கிக் குழைத்துக்கொண்டிருந்தபோது மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தாள்.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா ஒரு இது."

"சும்மா ஒரு இதுக்கா மூஞ்சி இப்படித் தொங்குது?" தூக்கை வைத்துவிட்டு போல்ட்டைக் கையில் எடுத்தாள். பன்னிரண்டு வருடம் வண்டி ஓட்டியவளுக்கு அந்தச் சுருளைப் பார்த்ததும் பாதி புரிந்துவிட்டது. "மரை போச்சா?"

"போச்சு."

"எப்படி?"

அவர் பழைய உலோகம் என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். "கொஞ்சம் கூடுதலா இறுக்கிட்டேன். உன் வண்டியாச்சேன்னு."

"நல்லா ஆச்சு போங்க." அவள் அட்டையைச் சுட்டிக்காட்டினாள். "இது தாங்குமா?"

"தாங்கும்."

"எத்தனை நாளைக்கு?"

அவர் பசையை மறுபடி குழைக்க ஆரம்பித்தார்.

"நான் மட்டும் போறதா இருந்தா வம்பு பண்ணமாட்டேங்க. நடு ரோட்டுல நின்னா இறங்கி நடந்துடுவேன். பின்னாடி பதினாலு வாண்டு உக்காந்திருக்கும்ல, அதுங்களை எங்க நடக்க வைக்கிறது?"

மீட்டர் அட்டையை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "திங்கட்கிழமைக்குள்ள முடியும்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா."

"முடியலைன்னா ஒரு வாரத்துக்கு வேற வண்டி பேசிக்கிறேன். அதுக்கு எனக்கு இன்னிக்கே தெரியணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து தலையைச் சொறிஞ்சீங்கன்னா, அப்பத்தான் நமக்குள்ள சண்டை. சாப்பிடுங்க, ஆறுது."

திங்கட்கிழமைக்குள் முடிந்துவிடும் என்று பொய் சொல்லியிருந்தால் முதலில் பறிபோயிருப்பது வேறு வண்டி பேச அவள் கையிலிருந்த இந்த மூன்று நாள்தான் என்று அவருக்குச் சாப்பிடும்போதுதான் உறைத்தது.

அவள் போனில் தன் அண்ணனைக் கூப்பிட்டாள். அடுத்த தெருவில் லேத் பட்டறை வைத்திருப்பவர். வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு துளைக்குள் டார்ச் அடித்தார்.

"மாப்ளே, உங்களுக்குத்தான் மரை கழண்டிருக்குன்னு கல்யாணத்தப்பவே சொன்னேன். எஞ்சினுக்கும் ஒட்டிக்கிச்சா?"

"பேசாம வேலையப் பாருங்க மச்சான்."

"பாத்துட்டேன். கையில புடிச்சுத் துளை போட்டா கோணிக்கும். நாளைக்கு ஒரு தகடு கொண்டாரேன்."

சனிக்கிழமை காலையில் மீட்டர் ஹெட்டைக் கழற்றி முடித்தபோது மச்சான் கொண்டுவந்தார். விரல் தடிமனுக்கு எஃகுத் தகடு, மூன்று துளை. இரண்டு பக்கத்துத் துளைகளையும் பக்கத்து போல்ட்டுகள் பிடித்துக்கொண்டன. நடுத்துளை கெட்டுப்போன துளைக்கு நேர் மேலே வந்து நின்றது. இனி ட்ரில் சாய நினைத்தாலும் தகடு விடாது. மீட்டர் சிலிண்டர்களுக்குள் துணி அடைத்தார், தண்ணீர்த் துளைகளை மூடினார், ட்ரில் முனையில் கிரீஸ் தடவினார். கொஞ்சம் துளைப்பது, வெளியே எடுப்பது, பொடியைத் துடைப்பது. பிறகு மரை வெட்டும் டேப்பை அரைச்சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று கையாலேயே இறக்கினார். எஃகுச் சுருள் உள்ளே ஏறி அமர்ந்தபோது மச்சான் ஒரு போல்ட்டை விரலால் திருகிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். பாராட்டு என்று அவர் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

மத்தியானம் புது கேஸ்கெட் போட்டு ஹெட்டை ஏற்றினார்கள். மறுபடி மூன்று தவணை. ஏழாவதில் 'டக்' என்றது. ஸ்பேனரின் மேல் கை அப்படியே இருந்தது.

"கைய எடுங்க மாப்ளே."

"எடுக்கிறேன்யா."

எடுத்தார். கொஞ்சம் நேரம் ஆயிற்று. போதும் என்றவுடன் விட்டுவிடுவது சிலருக்கு எளிது. அவருக்குப் பாதியில் எழுந்து போகிற மாதிரி இருந்தது. எட்டாவதில் அந்த உறுத்தல் குறைவாக இருந்தது. பத்தாவதில் இருந்ததாகவே தெரியவில்லை.

ஞாயிறு காலை எஞ்சின் இரண்டாவது முயற்சியில் பற்றிக்கொண்டது. அரை மணி நேரம் ஓடவிட்டு, ஹெட்டின் விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை.

"சுமையோட மேடு ஏறணும், அப்பத்தான் தெரியும்" என்றார். மனைவி பக்கத்துக் கடையில் இருபது தண்ணீர் கேன்களை இரவல் வாங்கி, பிள்ளைகள் உட்காரும் சீட்டுகளில் அடுக்கிக் கயிறு கட்டினாள். அவள் ஓட்ட, பக்கத்து சீட்டில் மீட்டர். வேன் மேம்பாலத்தின் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முனகாமல் ஏறியது. அவர் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நடுவுலதான் நிக்குது. நானும் பாத்துட்டுத்தானே வரேன்."

"இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும்."

பாலத்தின் உச்சியில் அவள் வேகத்தைக் குறைத்தாள். போனை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"மாத்து வண்டி பேசி வெச்சேன்ல, அவருக்கு ஒரு போன் போடுங்க. நாளைக்கு வேணாம்னு நீங்களே சொல்லுங்க."

அவர் எண்ணைத் தேடி அழுத்தினார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தபோது இறக்கம் தொடங்கியது. பின்னால் கேன்களில் தண்ணீர் மொத்தமாக முன்பக்கம் சரிந்து சத்தம் போட்டது. "ஏய், சும்மா உக்காருங்க!" என்று பழக்கத்தில் அதட்டிவிட்டு அவள் சிரித்தாள். போனைக் காதில் வைத்தபடி அவரும் சிரித்ததில், எதிர்முனைக்காரர் மூன்று தடவை ஹலோ சொல்ல வேண்டியிருந்தது.