வெட்டின குழியும் விழுந்த குழியும்

எனக்கு மூணு சக்கர வண்டி கொடுத்த கவர்மெண்டு, அதை ஓட்ட ரோடு கொடுக்க மறந்துவிட்டது. இப்படிச் சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சின்ன வயதில் வந்த போலியோவில் எனக்கு இரண்டு காலும் விளங்காமல் போனது. கடலூரில் பந்தல் போட்டு, மைக் கட்டி, போட்டோ பிடித்து, கையால் சுற்றி ஓட்டுகிற அந்த வண்டியைக் கொடுத்தார்கள். அது லாரியில் கள்ளக்குறிச்சிக்கு வந்து, எங்கள் தெருமுனையில் இறங்கி, அங்கிருந்து நாலு பேர் தோளில் ஏறி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சக்கரம் வைத்த வண்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டிய தெரு எங்களுடையது.

வண்டி முன்னறையில் நின்றது. அம்மா அதன் மேல் துணி காயப்போட்டாள். பக்கத்து வீட்டுக் கோழி சீட்டில் ஏறி முட்டை வைத்துவிட்டுப் போனது. எல்லாருக்கும் அதனால் ஏதோ ஒரு உபயோகம் இருந்தது, என்னைத் தவிர.

எங்கள் தெரு மேட்டில் ஆரம்பித்துச் சரிந்து மெயின் ரோட்டில் போய் முடியும். நடுவில் குழிகள். இரண்டு ஓரமும் சாக்கடைக் காவா. காவா மேல் நடக்கப் போட்டிருந்த பலகைக்கல்லில் பாதி உடைந்து உள்ளே விழுந்து கிடந்தது. எதிர்வீட்டு அக்கா மாவு மில் வைத்திருந்தாள். மாவு அரைத்துக்கொண்டு போகிறவர்கள் வாரத்துக்கு ஒருத்தராவது தூக்கோடு குழியில் விழுந்து, வெள்ளையாக எழுந்து, மறுபடி அரைக்க வருவார்கள். அதனால்தான் அக்கா ரோடு கேட்காமல் இருக்கிறாள் என்று தெருவில் ஒரு கேலி உண்டு. உண்மையில் அவளைப்போல ரோடு கேட்டுச் சண்டை போட்டவர்கள் யாருமில்லை.

நான் மெயின் ரோட்டில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் தம்பி தினமும் என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, விழாமல் தள்ளிக்கொண்டு போய் விடுவான். மழை நாளில் தாமதமாகும். இன்ஸ்டிடியூட் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். "ரோடு சரியில்லீங்க" என்பேன். இதை நான் சொல்லிச் சொல்லி, கடைசியில் நான் வாயைத் திறக்கும் முன்பே அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அப்படி இருக்கும்போது தம்பிக்குச் சேலத்துப் பக்கம் வேலை கிடைத்தது. ஆர்டர் வந்த அன்று வீட்டில் கேசரி கிளறினோம். கேசரியைத் தின்றுகொண்டே நான் கணக்குப் போட்டேன்: இவன் போய்விட்டால் என்னை யார் கொண்டுபோய் விடுவது? அம்மாவுக்கும் அதே யோசனைதான். "நீ வூட்டோட இரும்மா. சோறு இல்லாமயா போயிடும்" என்றாள். சோறு இல்லை என்று யார் அழுதது? எனக்கு வந்த கோபத்தில் இன்னொரு கரண்டி கேசரி வாங்கித் தின்றேன்.

ரோடு கேட்டு மனு டைப் அடிப்பது என் பொறுப்பு. மாவு மில் அக்கா தெருவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பேரூராட்சி ஆபீசுக்கு எடுத்துப் போவாள். நான் ஒவ்வொரு தடவையும் "குண்டும் குழியுமான எங்கள் தெரு" என்றுதான் ஆரம்பிப்பேன். ஒரு தடவை ஓவர்சியர் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். தெருவை மேலிருந்து கீழே வரை நடந்து பார்த்தார்.

"ஏம்மா, குழி தெரியுது. குண்டு எங்க?" என்று கேட்டார்.

"குண்டு போட்டா இன்னும் நல்லாருக்கும் சார். மொத்தமா புதுசா போட்டுடலாம்" என்றாள் அக்கா. அவர் சிரித்தார். போய்விட்டார். அதோடு சரி. அம்மா ராத்திரி ஜெபத்தில் தம்பியின் வேலையோடு ரோட்டையும் சேர்த்துக்கொண்டாள். "ஆண்டவரே, எங்கள் தெருவுக்கு ஜல்லி அனுப்பும்" என்று அவள் மனமுருகிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்து, ஆமென் சொல்லத் தாமதமாகிவிட்டது.

அது இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு சமயம் அது முற்றி, ரோட்டோரப் புளியமரங்களெல்லாம் ரோட்டின் குறுக்கே கிடந்தன. மரம் கிடைக்காத இடத்தில் ரோட்டையே வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, பேப்பர் இல்லை. போலீஸ் பிடித்துப்போன பிள்ளைகளைத் தேடி ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமாக அலைந்த அம்மாக்கள் எலவனாசூர்கோட்டையிலும் இருந்தார்கள், வடக்கனந்தலிலும் இருந்தார்கள். அந்த வீடுகளில் அப்போது யாரும் சிரிக்கவில்லை. அதை மறந்துவிட்டு நான் இதைச் சொல்லவில்லை.

எல்லாம் அடங்கியதும், வெட்டின ரோட்டையெல்லாம் உடனே மூடச் சொல்லி மேலிருந்து ஆர்டர் வந்தது. மெயின் ரோட்டில் லாரி லாரியாக ஜல்லி கொட்டினார்கள். தார் மணம் எங்கள் வீடு வரைக்கும் வந்தது. பிரியாணி வாசனைக்குக்கூட என் நாக்கு அப்படி ஊறியதில்லை. மாவு மில் அக்கா மில்லைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓவர்சியரைப் பிடிக்க ஓடினாள். திரும்பி வந்து அவள் நடித்துக் காட்டியதை அப்படியே தருகிறேன்.

"சார், அப்படியே எங்க தெருவுக்கும் ரெண்டு லாரி தள்ளுங்க சார்."

"இது போராட்டத்துல வெட்டுன ரோட்டுக்கு வந்த சரக்கும்மா. தானா விழுந்த குழிக்கு இப்ப பணம் கெடையாது. வெட்டுன குழிக்குத்தான் ஆர்டரு."

"எங்க தெருவுல வெட்டலன்னு யார் சொன்னது? நாங்க இன்னா மனுசங்க இல்லியா?"

"வெட்டியிருக்காங்களா?"

"நாளைக்குக் காலையில வந்து பாருங்க சார்."

இதைக் கேட்டதும் தெருவே அக்காவைச் சுற்றி நின்றது. எல்லாருக்கும் ஆசை, எல்லாருக்கும் பயம். அம்மாவுக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று இருந்தது. "பொய் சொல்றது பாவம்" என்றாள்.

"பொய் இன்னாத்துக்குச் சொல்லணும்? வெட்டிட்டா உண்மைதான" என்றாள் அக்கா.

"போராட்டத்துல வெட்டுனதுன்னு இல்ல சொல்லணும்?"

"ரோட்டுக்கு நாம பண்றதும் போராட்டந்தான. இத்தினி மனு குடுத்தமே, அது இன்னா கல்யாணப் பத்திரிகையா?"

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டி தேடப் போனாள்.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவை நாங்களே வெட்டினோம். வருஷக்கணக்காக மழுங்கிப்போன குழியின் விளிம்பையெல்லாம் கொத்திக் கொத்தி, நேற்று வெட்டினது மாதிரி கூராக்கினோம். ஒரு குழியில் யாரோ ரோடு வராத கோபத்தில் நட்டுவைத்த வாழைக்கன்று வளர்ந்து நின்றது. அதைப் பிடுங்கிக் கொல்லையில் மாற்றி நட்டார்கள். தம்பி கடப்பாரை போட்டான். "என்னையும் எறக்கி வுடுடா" என்றேன். அவன் என்னைத் தூக்கி எங்கள் வாசலுக்கு நேரே இருந்த குழிக்கரையில் உட்காரவைத்தான். கையில் களைக்கொத்து. நான் மண்ணில் உட்கார்ந்து வெட்டினேன். எத்தனையோ தடவை என்னைச் சைக்கிளோடு குலுக்கின குழி அது. ஒவ்வொரு கொத்துக்கும் எனக்குச் சிரிப்பு பொங்கிப் பொங்கி வந்தது. எனக்கு ஏன் அப்படி ஒரு சந்தோஷம் என்று கேட்டால், அன்று வரைக்கும் தெருவில் எல்லாரும் சேர்ந்து ஒரு வேலை செய்தால் நான் வாசலில் இருந்து பார்ப்பவளாகவே இருந்தேன். அன்றுதான் செய்பவள்.

காலையில் ஓவர்சியர் வந்தார். குழிகளைப் பார்த்தார். ஒரு குழியில் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இப்ப வெட்டுன குழியில தலைப்பிரட்டை எப்படிம்மா வந்துச்சி?"

தண்ணீரை இறைத்துவிட யாருக்கும் தோன்றவில்லை. கறுப்புக் கறுப்பாக வாலை ஆட்டிக்கொண்டு அதுகள் நீந்திக்கொண்டிருந்தன. "போராட்டத்துல கலந்துக்கினு இருக்கும் சார்" என்றாள் அக்கா. அவர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். நல்ல மனுஷன். "நான் வெட்டுனதுன்னே எழுதிக்கறேன். ஆனா வெட்டுனதுன்னா போலீஸ் வந்து பாத்து எழுதணும். அது எங்கையில இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய், ஸ்டேஷன் ஏட்டையாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். இதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. குழி வெட்டினால் வெட்டினவன் வேண்டும் என்பது தோன்றாமல்போன புத்திசாலிகள் நாங்கள்.

"யார் வெட்டுனது?" என்றார் ஏட்டையா.

அவர் எல்லாரையும் பார்த்துவிட்டு, சரியாக அம்மாவிடம் வந்து நின்றார். "நீங்க சொல்லுங்கம்மா." அம்மாவின் உதடு ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தது. பொய் அவளுக்கு வராது. அவள் பார்வை தன்னையறியாமல் எங்கள் சுவரில் சாத்தியிருந்த கடப்பாரைக்குப் போனது. அதில் மண் காயவில்லை. ஏட்டையாவின் பார்வையும் அங்கே போய், அங்கிருந்து தம்பிக்கு வந்தது.

"தம்பி இன்னா பண்றாப்ல?"

"சேலத்துப் பக்கம் வேலைக்குப் போறானுங்க. திங்கக்கெழமை சேரணும்" என்றாள் அம்மா.

"அவசரமா கெளம்புறாப்லயே. ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போகட்டும்."

ஒரு கேஸ் விழுந்தால் வேலை போச்சு. எனக்கு ரோடு கேட்கப் போய் அவனுக்குச் சோற்றில் மண் விழப்போகிறது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த நான், "கடப்பாரை எங்க வூட்டுதுங்க. குழி நான் வெட்டுனது" என்றேன்.

ஏட்டையா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என் காலைப் பார்த்தார். எல்லாரும் பார்க்கிற பார்வைதான் அது. முகத்தில் ஆரம்பித்துக் காலில் வந்து நிற்கும். அப்புறம் ஒரு உச். வாழ்நாளெல்லாம் எனக்கு அது பிடிக்காது. அன்று ஒரு நாள், நன்றாகப் பாருங்க என்று பாவாடையை நீவிவிட்டு உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா சொல்ற?"

"மெய்யாலுமேங்க. கடப்பாரை தூக்க முடியல. களைக்கொத்தால வெட்டுனேன்." இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கொப்புளம் இருந்தது.

அம்மாவுக்கு மூச்சு வந்தது. "ஆமாங்க, எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா. நானும் வெட்டுனேன்" என்றாள். நிம்மதி அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. "மில்லாண்ட இருக்கறது என்னுது சார்" என்றாள் அக்கா. "எங்க வூட்டாண்ட இருக்கறது எங்களுது" என்று கீழ்க்கோடியிலிருந்து குரல் வந்தது. கிழவிகள், வாத்தியார் வீட்டம்மா, நிறைமாசமாக இருந்த ஒருத்தி, ஆளாளுக்குத் தன் மாட்டை அடையாளம் காட்டுவதுபோலத் தன் குழியைக் காட்டிக்கொண்டு வந்தார்கள். ஓவர்சியர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

ஏட்டையா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "இவங்க மேல கேசு போட்டா ஜட்ஜையா என்னத்தான் உள்ள வெப்பாரு" என்று ஓவர்சியரிடம் சொல்லிவிட்டு, நின்றபடியே எழுதினார். எழுதினதைப் படித்தும் காட்டினார்: அடையாளம் தெரியாத நபர்கள்.

"அது பொய்யில்லீங்களா?" என்றாள் அம்மா. தெருவே அவளை அடிக்காத குறையாகப் பார்த்தது.

"இல்லம்மா. இன்னைக்கி வரைக்கும் எனக்கு உங்க யாரையும் அடையாளம் தெரியாது" என்றார் ஏட்டையா.

உடனே மூடச் சொன்ன ஆர்டர் என்பதால் அந்த வாரத்துக்குள்ளேயே ரோடு வந்தது. காவா மேல் புதுக்கல்லும் வந்தது. எங்கள் வாசலுக்கு நேரே மட்டும் ஓவர்சியர் நின்று, கல்லைத் தெருவுக்குச் சரிவாகப் போடச் சொன்னார். முன்னறையில் நின்ற வண்டி அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

தம்பி ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் கோழியை விரட்டிவிட்டு வண்டியில் உட்கார்ந்தேன். அவன் பழக்கத்தில் பின்னால் கையை வைத்துக்கொண்டு வந்தான். "கையை எடுடா" என்றேன். எடுத்தான். தெரு சரிவு என்று சொன்னேனே, அது எவ்வளவு சரிவு என்று அன்றுதான் தெரிந்தது. நான் சுற்றவே இல்லை, வண்டி தானாகப் போனது. காது இரண்டிலும் காற்று. மாவு மில் போனது, வாத்தியார் வீடு போனது. பின்னால் தம்பி ஓடிவரும் சத்தம் கேட்டுக் கேட்டுச் சின்னதாகியது. தெருமுனை டீக்கடையில் ஏட்டையா டம்ளரோடு நின்றிருந்தார். "ஏம்மா, பாத்து" என்று அவர் சொன்னது எனக்கு முதுகுப் பக்கம் கேட்டது. நான் சிரித்துக்கொண்டே மெயின் ரோட்டில் திரும்பினேன்.

இன்ஸ்டிடியூட் வந்தது. நான் நிறுத்தவில்லை. பிரேக் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு மனசில்லை. கச்சிராயபாளையம் ரோட்டில், கரும்புக்கு அந்தப் பக்கம் கல்வராயன் மலை முழுசாகத் தெரிகிற இடம் வரைக்கும் போய், யாரும் தள்ளாமல், யாரும் தூக்காமல் அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கை வலிக்க வலிக்கத் திரும்பி வந்தேன்.

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வழக்கம்போல என்னை முந்திக்கொண்டு, "என்ன, ரோடு சரியில்லையா?" என்றார்.

"இல்லீங்க. ரோடு நல்லாருந்துச்சி" என்றேன்.