பொட்டு வைத்த ஃப்ளாப்பியும் என் ரப்பர் கீபோர்டும்

இன்று காலை டிபன் நேரத்தில் என் மகளுக்கும் மருமகனுக்கும் போன் சண்டை!

(போனில் சண்டை இல்லை. யாருடைய போன் உசத்தி என்று சண்டை.)

இட்லி ஆறிக்கொண்டிருந்தது. நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்னத்தே சிரிக்கிறீங்க?"

"மாப்ள, இந்தச் சண்டைய நானும் எங்கண்ணனும் எண்பதுகள்லயே போட்டு முடிச்சாச்சு!"

அப்போது நான் பசுமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வளையல் எடுக்க வைத்திருந்த பணத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கினேன். (அம்மா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.) டிவியில் மாட்ட வேண்டும். டேப் ரெக்கார்டரில் கேசட்டை ஓட விட்டால் புரோகிராம் ஏறும். கீ எல்லாம் ரப்பர்.

அண்ணன் பாண்டி தல்லாகுளத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். அவரிடம் பிசி! பச்சை எழுத்து, இரண்டு ஃப்ளாப்பி டிரைவ், ஏசி ரூம். செருப்பைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது. பீஸ் கட்டிப் படிக்க வந்தவர்களே பாதி நேரம் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். சுவரில் பெரிதாக 'தொடாதீர்கள்' என்று போர்டு வேறு.

வீட்டில் தினமும் பஞ்சாயத்துதான்.

"ஏத்தா, ஒன்னோடது வெளாட்டுச் சாமான். கீயா அது? அழிரப்பரு!"

"அண்ணே, ஒங்க மிசினத் தொடவே முடியாது. அப்பறம் எதுக்கு அம்புட்டுப் பெருமை?"

சும்மா வாய்ச் சண்டையாகவே போயிருக்கும். ஆனால் அந்த வருடம் எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் வாங்க முடிவு செய்தார்கள். அண்ணன் பிசியைச் சிபாரிசு செய்ய, நான் என்னுடையதைச் சொன்னேன். ஒரு பிசி வாங்கும் காசில் என் குட்டிகளில் ஆறேழு வாங்கலாம். ஹெச்.எம். எஸ்தர் டீச்சர் சொல்லிவிட்டார்: "ரெண்டையும் கொண்டாந்து ஓட்டிக் காட்டுங்க. வாங்குறது ஒரு தடவதான்."

என் வகுப்புப் பிள்ளைகள் கீபோர்டில் கை வைப்பார்களா, ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்களா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

ஆயுத பூஜை லீவு முடிந்து மறுநாளே டெமோ. அண்ணன் டாக்ஸியில் வந்து இறங்கினார். மானிட்டர் அவர் மடியில், கீழே தலையணை! பள்ளி ஹாலில் ஏசியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஆனாலும் முதல் வார்த்தை, "எல்லாரும் செருப்பக் கழட்டுங்க!"

(எஸ்தர் டீச்சரும் கழற்றினார்!)

முதலில் நான். கேசட் 'கீஈஈ' என்று கத்த, அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். ஏறவில்லை. ரீவைண்ட் செய்து திரும்பப் போட்டேன். ஏறிவிட்டது! என் பிள்ளைகளே எழுதிய மார்க் கூட்டும் புரோகிராம். எஸ்தர் டீச்சரே ஒரு விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"இம்புட்டு நேரத்துல நான் இட்லி அவிச்சு எறக்கிருவேன்" என்றார் அண்ணன். பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

அடுத்து பிசி. மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம், கீபோர்டுக்குச் சந்தனம் குங்குமம். அண்ணன் ஃப்ளாப்பியைப் பயபக்தியோடு உள்ளே தள்ளினார்.

கிர்ர்ர்... கிர்ர்ர்...

திரையில் எர்ரர். திரும்பவும் கிர்ர்ர். திரும்பவும் எர்ரர்.

அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. நான் ஃப்ளாப்பியை வெளியே எடுத்துப் பார்த்தேன். உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். உள்ளே உள்ள தகட்டை மிசின் படிப்பது அந்த வழியாகத்தான். அங்கே, தகட்டின் மேலேயே சந்தனம் இழுவிக் கிடந்தது!

"அண்ணே... இதுக்குமா பொட்டு வச்சீங்க?"

"நெத்தி மாதிரி எடம் அது ஒண்ணுதானத்தா இருந்துச்சு!"

"அய்யோ!"

"கை படலத்தா. பூக்காம்புலதான் வச்சேன்!"

சத்தியமாகச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. ஹால் நிறையப் பேர் முன்னால் அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

என் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தேன். கரும்பலகை துடைப்பது போல, டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் படிக்கும் ஹெட்டைத் துடைப்பதும் எங்கள் வகுப்பில் முறைவைத்து நடக்கும் வேலை. நான் வாயைத் திறக்கும் முன்பே பஞ்சும் ஸ்பிரிட்டும் வந்துவிட்டன. ஒருத்தி தகட்டை மெல்லச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். இன்னொருத்தி டிரைவ் மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றினாள்.

"தொடாதீக! தொடாதீக!" என்று அலறினார் அண்ணன்.

"மாமா, இதுலயும் டேப்பு மாதிரி ஹெட்டு இருக்கு. துடைச்சாச் சரியாயிரும், பயப்படாதீக" என்றாள் உள்ளே டார்ச் அடித்துக்கொண்டிருந்த மூன்றாமவள்.

ஸ்பிரிட்டைக் காயவிட்டு, மூடி, ஃப்ளாப்பியைப் போட்டார்கள். பச்சை எழுத்து வந்தது! ஹால் முழுக்கக் கைத்தட்டல். அண்ணனின் கைதான் முதலில் தட்டியது. பிசி ஓடிய வேகத்தில் மொத்த வகுப்பின் மார்க்கும் ரேங்க்கோடு கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நின்றது. எனக்கே வாய் பிளந்தது. போச்சு, தோற்றோம் என்றே நினைத்தேன்.

எஸ்தர் டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார். "தம்பி, இத வாங்குனா எங்க பிள்ளைங்க தொடலாமா?"

அண்ணனுக்குப் பழக்க தோஷம். "ஆப்பரேட்டர் வச்சுக்கிடலாம் டீச்சர். பிள்ளைங்க தள்ளி நின்னு பாக்கட்டும்."

"இப்ப இதச் சரி பண்ணுனது யாரு, தள்ளி நின்ன பிள்ளைங்களா?"

ரப்பர் கீ கம்ப்யூட்டரே ஆறு வாங்கினோம்!

பின்னால் உலகம் பூராவும் ஜெயித்தது அண்ணன் கட்சிதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் எந்த மிசினைக் கண்டும் பயப்படவில்லை. அந்தப் பெருமை எனக்குச் சாகிறவரை போதும்.

அண்ணன் சென்டர் சுவரில் இருந்த போர்டும் கொஞ்ச நாளில் காணாமல் போனது. கேட்டால், "வெள்ளையடிக்கக் கழட்டுனது" என்றார்.

அடுத்த வருடம் ஆயுத பூஜை லீவுக்கு முந்தின நாள் காலையிலேயே வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் சந்தனக் கிண்ணம்.

என்னைத் தாண்டி நேராகப் பிள்ளைகளிடம்தான் கேட்டார்.

"ஏத்தா, பொட்டு எங்குன வைக்கணும்?"

நீங்கள் சொல்லுங்கள்: உங்கள் முதல் கம்ப்யூட்டரைத் தொட்டீர்களா, தள்ளி நின்று பார்த்தீர்களா?