பாட்டுக்காரி நின்ற இடம்

சீஃப் அண்ணாச்சி வீட்டு முன்னறைத் தரையில் சிவப்புப் பெயிண்டால் போட்ட இரண்டு சிலுவைக் குறிகள் இருக்கின்றன. படகின் அடிப்பலகைக்கு அடிக்கிற பெயிண்ட் அது. உப்புத் தண்ணீரே அரிக்க முடியாததை அவர் மனைவியான எங்கள் மதினியின் ஈரத்துணி என்ன செய்துவிடும்? ஒரு குறி அறையின் நட்டநடுவில் இருக்கிறது. இன்னொன்று அதற்கு இடப்பக்கம் ஒரு எட்டு தள்ளி. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏதோ நேர்ச்சை என்று நினைத்து மிதிக்காமல் சுற்றிப் போவார்கள். எனக்கு அந்தக் குறிகளைப் பார்த்தால் இன்றைக்கும் நெஞ்சு படபடக்கும். திருவிழா அன்று தேர் நகரப்போகிற நேரத்தில் வருமே, அந்தப் படபடப்பு.

அண்ணாச்சி கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்ஜின் அறையின் இரைச்சலுக்குள் வாழ்நாளைக் கழித்த மனிதருக்குப் பாட்டின் மேல் அப்படி ஒரு பைத்தியம். வெளிநாட்டுத் துறைமுகங்களில் இறங்கினால் மற்றவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் வாங்க ஓடுவார்களாம். இவர் பெரிய பெரிய ஸ்பீக்கர் விற்கும் கடைகளில் போய் உட்கார்ந்து ஆசை தீரக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு கப்பலுக்குத் திரும்புவாராம். “வாங்கி என்னடே செய்ய? நான் கடல்ல கெடப்பேன், அது வீட்டுல கெடக்கும்” என்பார். ஊரோடு வந்து சேர்ந்த பிறகு ஒரே ஒரு தடவை, மிக நல்லதாக ஒரு செட் வாங்கிவிட வேண்டும் என்று தனக்குத்தானே வாக்குக் கொடுத்திருந்தார். கப்பலில் அவர் கேபின் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் படமும் ஒட்டியிருந்ததாக மதினி சொல்லிச் சிரிப்பார்.

நான் அதே தெருக்காரன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் கொண்டுபோகிற தோணியில் வேலை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுவேன். “இவன் வாயில பூட்டு, சாவி கடல்ல” என்பது மதினி எனக்குச் சொன்ன விளக்கம். கச்சான் காற்று பலமாக அடித்துத் தோணிகள் ஓடாமல் கிடந்த மாதத்தில்தான் சென்னையிலிருந்து அந்த ஸ்பீக்கர்கள் வந்து இறங்கின. என் நெஞ்சு உயரம் இருந்தன. சும்மா இருந்தவர்களில் திடமான ஆள் நான் என்பதால் தூக்கி வைக்கக் கூப்பிட்டார்கள். தூக்கி வைத்தவன் அப்படியே வாசல்படி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அந்த மாதம் முழுக்க எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம்.

ரெக்கார்டு தட்டைச் சுழலவிட்டு, ஊசியை வைத்து, அறை நடுவில் இருந்த பிரம்பு நாற்காலியில் அண்ணாச்சி உட்காருவார். நல்ல செட்டுக்கு என்ன அடையாளம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையில், வெறும் சுவருக்கு முன்னால், பாடுகிற அம்மா வந்து நிற்க வேண்டுமாம். கண்ணை மூடினால் கையை நீட்டித் தொட்டுவிடலாம் போல நிற்க வேண்டுமாம். ஆனால் பாட்டுக்காரி நடுவுக்கு வரவே இல்லை. எப்போது கேட்டாலும் வலப்பக்கம் ஜன்னலோரம் ஒதுங்கி நின்றே பாடினாள்.

அவளை நடுவுக்குக் கொண்டுவர அண்ணாச்சி பட்ட பாடு கொஞ்சமல்ல. வயர்களை மாற்றினார். இடது ஸ்பீக்கரை வலதுக்கும் வலதை இடதுக்கும் என்னைத் தூக்கி வைக்கச் சொன்னார். பிறகும் அவள் ஜன்னலோரமே நின்றாள். கொத்தனாரிடம் தண்ணீர்க் குழாய் வாங்கி வந்து தரை மட்டம் பார்த்தோம். ஜன்னலில் இரண்டு மெத்தைகளைக் கட்டித் தொங்கவிட்டோம். அலமாரி வெளியே போனது, கட்டில் வெளியே போனது. “பாட்டுக்காரிக்கு நிக்க எடம் வேணும்னு என்னயும் நாளைக்கு வெளிய தூக்கி வச்சிருவீங்க” என்று மதினி புலம்பினார். எங்களுக்கோ ஒவ்வொரு காலையும் இன்றைக்குக் கட்டாயம் வந்துவிடுவாள் என்ற வேகம். கடலுக்குப் போகாத ஒரு மாதம் அவ்வளவு சீக்கிரம் ஓடியதே இல்லை.

இதற்குள் வேறு யாரையாவது அந்த நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். எங்கள் ஆட்களுக்கு அது தோன்றாது. புதுப் படகைப் பங்குச் சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளிக்கும்வரை உடையவரைத் தவிர யாரும் அதில் ஏற மாட்டோம். அண்ணாச்சி அந்தச் சட்டத்தை ஸ்பீக்கருக்கும் வைத்திருந்தார். செட் சரியாகி அவர் தலையாட்டும்வரை அந்த நாற்காலி அவருக்கு மட்டும்தான். மைத்துனர் வந்து கேட்டபோதுகூட “கடல்ல எறக்காத படகுல ஏறுவியா மாப்ள?” என்று நிறுத்திவிட்டார். மைத்துனரும் அது நியாயம்தான் என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் அண்ணாச்சி மனம் தளர்ந்துவிட்டார். இந்த வீட்டுக்கும் இந்த ஸ்பீக்கருக்கும் ஒத்துப்போகவில்லை என்று முடிவு கட்டினார். கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். போன் போட்டுவிட்டார். அவர்கள் வண்டி வருகிற நாளில் அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து தயாராக வைத்தேன். ஒரு சாவு வீட்டில் வேலை செய்வது போல இருந்தது. அண்ணாச்சி கடைசியாக ஒரு தடவை ஊசியை வைத்தார். பார்க்கப் பொறுக்காமல் நாற்காலியை வாசல் பக்கமாகத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

பாட்டு தொடங்கியது. அவர் முதுகு விறைத்தது.

“ஏலே, இவ மாதா படத்துப் பக்கம் வந்துட்டா!” என்றார். மாதா படம் ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் இருக்கிறது. எழுந்து நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். ஜன்னல். மறுபடி வாசல் பக்கம் திருப்பினார். மாதா. அவர் திரும்பத் திரும்பப் பாட்டுக்காரியும் கூடவே திரும்பினாள். எப்போதும் அவருடைய வலது காதோரம்தான். மெல்ல ஒரு விரலை எடுத்து வலது காதை அடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

“ஸ்பீக்கருக்கு ஒண்ணுமில்லடே. எடது காதுதான் பாதி போயிட்டு. இன்ஜின் தின்னுட்டு.”

மதினி கரண்டியோடு ஓடி வந்தார். “எந்தக் காது? எடதா? அந்தப் பக்கமிருந்து எத்தன வருசமா நான் கத்துதேன்! வேணும்னே திரும்ப மாட்டேங்கீங்கன்னுல்லா நெனச்சேன்!”

அண்ணாச்சி நாற்காலியைச் சரியாகத் திருப்பி வைத்து என்னைப் பார்த்தார். “நீ உக்காரு.” நான் நகரவில்லை. “மந்திரிக்காத படகுன்னு பாக்கியா? ஏறுடே! நீ சொல்லுறத வச்சுத்தான் இது இருக்கதும் போறதும்.” தெருமுனையில் வண்டியின் ஹாரன் கேட்டது. போய் உட்கார்ந்தேன்.

என்ன சொல்வது? சுவர் காணாமல் போய்விட்டது. அந்த அம்மா எனக்கு நேரே, நட்டநடுவில் நின்றார். அடியைத் தொடங்கும் முன் மூச்சு இழுத்தது கேட்டது. உதடு பிரிந்தது கேட்டது. மிருதங்கக்காரர் இடப்பக்கம் சற்றுப் பின்னால் இருந்தார். வயலின் வலப்பக்கம். அதற்கும் பின்னால் யாரோ மெதுவாக இருமினார்கள். தோணியின் மேல்தட்டில் படுத்திருக்கும்போது, இருட்டுக்குள் எந்தத் திசையில் எந்தப் படகு போகிறது என்று காதே சொல்லும். அப்படி ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

“சொல்லுடே!”

என் வாய் திறந்துகொண்டது. “நடுவுல நிக்காவ அண்ணாச்சி! நேரா நடுவுல! மூச்சு எடுக்காவ... மிருதங்கம் இங்கன, வயலின் அங்கன... பின்னால ஒரு ஆளு இருமுதாரு அண்ணாச்சி!” நிறுத்த முடியவில்லை. அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. “ஆத்தாடி, சாவி கெடச்சிட்டு” என்றார் மதினி.

அண்ணாச்சி என்னை எழுப்பிவிட்டு நாற்காலியில் அமர்ந்தார். “தோணி ஒரு பக்கம் சாஞ்சா என்னடே செய்வீய?”

“சரக்க மாத்தி வைப்போம்.”

“இங்கன சரக்கு நாந்தான். மாத்து!”

அவரோடு சேர்த்து நாற்காலியை இடது ஸ்பீக்கர் பக்கமாக விரற்கடை விரற்கடையாக இழுத்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். ஓர் இடத்தில் அவர் கை உயர்ந்தது. நின்றேன். கப்பல் கப்பலாக அவர் சுமந்து திரிந்த ஆசை அந்த இடத்தில் வந்து முகத்தில் இறங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். “வந்துட்டா” என்றார், காற்றுக்குக் கேட்காத குரலில். கடை ஆளுக்குச் சீலா மீன் வறுவலோடு சோறு போட்டு, வெறும் அட்டைப் பெட்டிகளை வண்டியில் ஏற்றி அனுப்பி வைத்தோம். அன்று சாயங்காலமே இரண்டு குறிகளையும் பெயிண்டால் போட்டார்.

அதன் பிறகு கரையில் இருக்கிற ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் நடுக்குறியில் நானும் இடக்குறியில் அவரும் உட்காருவோம். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற கப்பல்காரர்கள் புது ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களிடம் தீர்ப்புக் கேட்பார்கள். நானும் பேசுவேன். பாட்டைப் பற்றி என்றால் எத்தனை பேர் முன்னாலும் பேசுவேன். “குரல்ல உப்பு கொறையுது” என்று ஒருமுறை சொன்னேன். அண்ணாச்சி அதையே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அண்ணாச்சி போய்ச் சேர்ந்த பிறகும் ஞாயிறுகளில் மதினி என்னைக் கூப்பிடுகிறார். கடற்காற்றில் இயந்திரம் சும்மா கிடந்தால் துருவேறிவிடும் என்பது காரணம். அடுக்களையில் நின்று கேட்பதே போதும் என்று இத்தனை காலமும் உட்கார மறுத்தவரை, போன ஞாயிறு பிடிவாதமாக நடுக்குறியில் உட்காரவைத்தேன். நான் முதல் தடவையாக இடக்குறியில் உட்கார்ந்தேன். அதே பழைய ரெக்கார்டு. அந்த அம்மா மூச்சு இழுத்துத் தொடங்கியதும் மதினி சட்டென்று எழுந்தேவிட்டார். “ஏ மாதாவே, இங்கனல்லா நிக்கா!” என்று சுவரோரம் போய் வெறும் இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “உனக்கு எங்கன நிக்கா?”

என் இரண்டு காதுக்கும், அந்தக் குறியிலிருந்து கேட்டால், பாட்டுக்காரி இடப்பக்கம் ஒதுங்கியே நின்றாள்.

“அண்ணாச்சிக்கு நடுவுல நிக்காவ மதினி” என்றேன்.

மதினி திரும்பி வந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, நடுக்குறியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஊசிய மொதல்ல இருந்து வையி” என்றார்.