அம்மா காவல் இருந்த ரொபரோசியா

நாற்பத்தெட்டு வயதில் எனக்குச் சின்னம்மை வந்தது. சிறுபிள்ளைகளுக்கு வருவது இந்த வயதில் வந்து சேர்ந்ததே எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. கண்டி டவுனில் ஒரு மொத்தக் கடையின் களஞ்சியத்தில் சீனியும் பருப்பும் நிறுத்துப் பையில் கட்டுவது என் வேலை. வாடிக்கையாளர்கள் முன்பக்கத்தோடு போய்விடுவார்கள். களஞ்சியத்தில் மூட்டைகள்தான். மூட்டைகளோடு பேச வேண்டியதில்லை என்பதால்தான் இத்தனை வருடமும் அங்கேயே இருக்கிறேன்.

பங்குனி மாதம் ஒரு காலையில் நான் குனிந்தபோது என் கழுத்தில் இருந்த கொப்புளங்களை முதலாளி பார்த்துவிட்டார். தராசுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். சீனி அள்ளும் நீளக் கரண்டியின் நுனியில் த்ரீவீலர் காசை வைத்து என் பக்கம் நீட்டினார். "முழுசா ஆறின பொறகு வாங்க. அவசரமில்ல" என்றார். கரண்டியைத் திரும்ப வாங்கவில்லை. அதையும் நானே கொண்டுபோகும்படி ஆகிவிட்டது.

நாங்கள் இருப்பது கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைக்குப் போகிற பாதையில் ஒரு சரிவில். ஹாஜியார் வீட்டோடு ஒட்டிக் கட்டிய இரண்டு அறை அனெக்ஸ். ஹாஜியார் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர், மடவளையில் இரும்புக் கடை வைத்திருப்பவர். வாடகையை மாதாமாதம் என் மனைவிதான் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவரைக் கண்டால் நான் தலையசைப்பேன். அவரும் அசைப்பார். எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

டிஸ்பென்சரி டாக்டர் மருந்து கொடுத்து, வெளியே போகாமல் வீட்டில் இருக்கச் சொன்னார். மனைவி மருந்தையும் கொடுத்தாள், வேப்பிலையையும் கட்டினாள். எங்கள் ஆட்கள் இதை நோய் என்று சொல்வதில்லை. அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். வந்தவள் மனம் கோணாமல் தங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் அன்று தானாகப் புறப்பட்டுப் போக வேண்டும். அதுவரை வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. தலை சீவக் கூடாது. வருகிறவர்களை வா என்றும் போகிறவர்களைப் போய் வா என்றும் சொல்லக் கூடாது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் படுக்கையில் நானே கிடந்தபோது நடந்தது வேறு விதமாக இருந்தது. என் முகத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி முடித்த மனைவி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தாய்க்கு என்ன வேணும்?"

பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"ஒரு பிளேன்டி" என்றேன்.

"இந்தா கொண்டு வர்றேன் தாயே."

பால் விடாத அந்தத் தேநீரை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்தாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அப்படி ஒரு பிளேன்டி கிடைத்ததில்லை. எனக்குத் துணிவு வந்துவிட்டது.

"மத்தியானத்துக்குக் கொஞ்சம் கருவாடு பொரிச்சா நல்லாருக்கும்."

"அது நீங்க கேக்குறது" என்றாள் உடனே. "தாய் கருவாடு கேக்க மாட்டா."

"அப்ப பிளேன்டி?"

"அது தாய் கேட்டது."

"எப்பிடித் தெரியும்?"

"குரல்லயே தெரியும். சும்மா படுங்க."

எது என் வாயிலிருந்து வருகிறது, எது அம்மாவிடமிருந்து வருகிறது என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். இளநீர் அம்மா கேட்டது. ரேடியோ நான் கேட்டது. முதுகில் வேப்பங்குச்சியால் தடவிவிடச் சொன்னது காலையில் அம்மாவாகவும் மாலையில் நானாகவும் இருந்தது. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னது அம்மா. அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்த ஜன்னலுக்கு வெளியேதான் ஹாஜியார் முற்றத்து ரொபரோசியா மரம் நின்றது.

இத்தனை வருடம் அந்த மரத்தடியால்தான் போய் வந்திருக்கிறேன். விடிவதற்கு முன்பே பஸ்ஸுக்கு இறங்கி, இருட்டிய பிறகு ஏறி வருகிறவனுக்கு மரம் என்பது ஒரு கறுப்பு. பூவென்றால் பங்குனியில் காலில் வழுக்குகிற ஏதோ ஒன்று. வசந்த காலம் என்று ரேடியோவில் சொல்வார்கள், அது வேறு எங்கோ இருக்கிறவர்களுக்கு என்று நினைத்திருந்தேன்.

படுத்த முதல் நாட்களில் மரத்தில் இலையெல்லாம் கொட்டி, காய்ந்த கொப்புகள்தான் இருந்தன. ஒரு காலையில் கண் விழித்தபோது உச்சிக் கொப்பில் ஒரு கொத்து இருந்தது. இளஞ்சிவப்பு. நடுவில் மட்டும் மஞ்சள். மறுநாள் பக்கத்துக் கொப்பு. பிறகு மரம் என்னைப் போலவே ஆகிவிட்டது, இடம் விடாமல் போட்டுவிட்டது. இலை ஒன்றுகூட இல்லாமல் பூ மட்டும். காற்று இல்லாதபோதும் ஒன்றிரண்டு கழன்று, சுழன்றுகொண்டு வந்து தகரக் கூரையில் விழும். அந்தச் சத்தத்துக்காகக் காத்துக் கிடப்பேன். ஒரு பூ ஹாஜியாரின் தொப்பியில் விழுந்து, அவர் அதோடு பள்ளிவாசலுக்குப் போனதைப் பார்த்தேன். ஓர் அணில் பூவை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றது, மனைவி பிளேன்டி ஏந்துகிற மாதிரி.

யாரோடும் பேசத் தேவையில்லை. யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. உடம்பு முழுக்க அரித்துக்கொண்டிருந்தபோதும் நான் அப்படிச் சந்தோஷமாக இருந்ததாக நினைவில்லை.

பிறகு பின்னேர மழை தொடங்கியது. பூவெல்லாம் கூரையில் ஒட்டி, கூரையோரம் தண்ணீர் வடிகிற பீலிக்குள் போய்ச் சேர்ந்தது. பீலி அடைத்துத் தண்ணீர் ஹாஜியார் வீட்டு ஹோலுக்குள் இறங்கியது. மறுநாள் காலை, இடுப்பில் கயிறும் கையில் மெஷின் வாளுமாக ஒரு சிங்கள ஆள் முற்றத்தில் வந்து நின்றார்.

"பூவெண்டு பூ! பீலி பூரா அடச்சீக்கி" என்று ஹாஜியார் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். "ஹோல்ல கதிரையெல்லாம் நனஞ்சிட்டு. அடியோட வெட்டிப் போடுங்க."

மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஹாஜியார்கிட்ட மரத்த வெட்ட வேணாம்னு சொல்லேன்."

அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். "இது யாரு கேக்குறது?"

அம்மா என்று சொல்லியிருந்தால் ஓடிப் போயிருப்பாள். அம்மாவை வைத்துப் பொய் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

"நான்தான்."

"அப்ப பேசாமப் படுங்க. வாடகைக்கு இருந்துகிட்டு மரத்துக்கு வழக்குப் பேசப் போறாராம்" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டாள்.

மரம் வெட்டுகிறவர் பாதி மரம் ஏறி வாளை இழுத்து முடுக்கினார். அந்தச் சத்தத்தில் நான் எழுந்துவிட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்!" என்று கத்தினேன். தொண்டைக்குள்ளும் கொப்புளங்கள் இருந்ததால் அது என் குரலாக வரவில்லை. இரும்புக் கதவு திறக்கிற மாதிரி ஒன்று வந்தது.

வாள் நின்றது. மரத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சீவாத தலை, மஞ்சள் அப்பிய முகம், சுற்றிலும் வேப்பிலை. அவர் முகம் வெளுத்தது. முற்றத்தில் இருந்த எல்லோரும் என்னையே பார்ப்பதைக் கண்டதும் எனக்கு வெட்கம் தாங்கவில்லை. பட்டென்று ஜன்னலுக்குக் கீழே குந்திவிட்டேன்.

வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு அந்த முகம் தோன்றி, ஒரு வார்த்தை சொல்லி, மறைந்துவிட்டது.

"அனே, பத்தினி மெணியோ!" என்று அவர் கும்பிட்டது கேட்டது. நாங்கள் மாரியம்மா என்பவளை அவர்கள் பத்தினி என்பார்கள். "முதலாளி, எனக்கு ஏலாது. என்ன குடுத்தாலும் ஏலாது."

"அது அனெக்ஸ்ல ஈக்கிற மனிசன்!" என்றார் ஹாஜியார்.

"அந்த மாத்தையா பேசுறத யாரு கேட்டீக்கிறது முதலாளி?"

உண்மைதான், யாரும் கேட்டதில்லை. மரம் வெட்ட வந்தவர் இடுப்புக் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் அதோடேயே இறங்கிப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் சரிவு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எதிர்வீட்டு அக்கா மஞ்சள் துணி கொண்டுவந்து மரத்தில் சுற்றினார். இன்னும் சில பெண்கள் ஒரு கல்லை வைத்து விளக்கேற்றினார்கள். இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தரையில் கிடந்த பூ அத்தனையையும் கூட்டி அள்ளிப் போட்டார்கள். மாலை கட்டுவதற்காகக் கைக்கெட்டிய கொப்பெல்லாம் மொட்டையாகியது. மனைவியிடம் கேட்டேன்.

"நான் எனக்காகத்தான் கத்தினேன்னு போய்ச் சொல்லேன்."

"உங்களுக்குக் கத்த வருமா?" என்றாள். "தாய் சொன்னத உங்க கணக்குல எழுதாதீங்க."

அதற்குப் பிறகு பெண்கள் மரத்தைக் கும்பிட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள்.

"தாயே, மூத்தவனுக்குக் கட்டார் விசா வரணும்."

நான் ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டிக்கொண்டு கூழ் குடித்துக்கொண்டிருந்தேன். கரண்டிச் சத்தம் கேட்டுவிடுமே என்று பாதியில் நிறுத்தினேன்.

"இன்னைக்கும் முகம் காட்ட மாட்டேங்கிறாளே" என்றார் எதிர்வீட்டு அக்கா.

"போன வெள்ளிக்கிழம நீ மீன் சமைச்சியே, அதான்" என்றாள் இன்னொருத்தி.

மரம் தப்பிவிட்டது. ஆனால் நான் ஜன்னலைச் சாத்த வேண்டியதாயிற்று. பலகையின் கீறல் வழியாக ஒரு கொப்பின் கால்வாசி தெரிந்தது. அதையும் யாரோ ஒருத்தியின் தலை மறைத்துக்கொண்டிருந்தது.

கொப்புளங்கள் காய்ந்து உதிரத் தொடங்கின. மனைவி செவ்வாய்க்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதாகச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. தண்ணீர் ஊற்றினால் அம்மா போய்விடுவாள். அம்மா போனால் கூட்டம் போய்விடும், ஜன்னலைத் திறக்கலாம். ஆனால் காவலும் போய்விடும், மரத்தை வெட்ட ஆள் வரும். தண்ணீர் ஊற்றாவிட்டால் மரம் நிற்கும், நான் அதைப் பார்க்க முடியாது. ஒரு முழு நாள் யோசித்தேன். யோசிக்க யோசிக்கப் பொருக்கு உதிர்ந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்த என்னால் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை மனைவி என் தலையில் ஊற்றினாள். "போயிட்டு வா தாயே" என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் துண்ட அங்கயே போடாதீங்க" என்றாள். அம்மா புறப்பட்டுவிட்டாள் என்று எனக்கும் தெரிந்தது.

பெண்கள் மரத்தில் இருந்த துணியை அவிழ்த்தார்கள். கல்லை எதிர்வீட்டு அக்கா அம்மி வைக்க எடுத்துக்கொண்டு போனார். முற்றம் வெறுமையானதும் ஹாஜியார் வெளியே வந்து போனைக் காதில் வைத்தார்.

"எல்லாம் முடிஞ்சிட்டு. அவங்க போயிட்டாங்களாம். நாளைக்குக் காலையில வாங்க."

நான் ஈரத் தலையோடு முற்றத்தில் இறங்கினேன். அவருக்கு முன்னால் போய் நின்றேன். தலையசைத்தேன். அவரும் அசைத்தார். நான் போகாமல் நின்றேன்.

"எனத்த? பைப் ஒழுகுதா?"

"இல்ல ஹாஜியார்."

"வாடக கூடிட்டு எண்டு சொல்ல வந்தீங்களா?"

"இல்ல."

"அப்ப?"

மரத்தைக் காட்டினேன். அவர் என்னையும் மரத்தையும் பார்த்தார்.

"அண்டைக்குக் கத்தினது நீங்கதானே?"

"நான்தான் ஹாஜியார். அம்மா இல்ல."

"எனக்கு அப்பவே தெரியும். கத்திட்டு அப்பிடிப் பயந்து குந்துறது மனிசன்தான்." தாடியைத் தடவினார். "தெரிஞ்சு என்ன செய்ய. வெட்டுறவன் நம்பிட்டான். நான் ஒராள் நம்பாம இருந்து மரம் விழுமா?"

காலடியில் விழுந்து கிடந்த ஒரு பூவைக் குனிந்து எடுத்தேன்.

"எனத்துக்கு உங்களுக்கு இந்த மரம்?"

"பாக்க."

"பாக்கவா?"

"பூ நல்லாருக்கு ஹாஜியார். படுத்துக்கிட்டுப் பாத்தா இன்னும் நல்லாருக்கு. பீலிய நான் அள்ளுறேன். தினமும் வேலைக்குப் போக முந்தி ஏணி வச்சு அள்ளுறேன்."

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். முடிந்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. ஹாஜியார் சிரிக்கவில்லை. நேராக எங்கள் அனெக்ஸுக்குள் போனார். நான் பின்னால் ஓடினேன்.

"எனக்கு இது சின்ன வயசுலயே வந்து போயிட்டு, பயமில்ல" என்று சொல்லிக்கொண்டே, மனைவி அப்போதுதான் கழுவிக் காயவைத்துப் பாய் விரித்திருந்த கட்டிலில் படுத்தார். அவர் பெரிய உடம்புக்காரர். கட்டில் முனகியது. ஜன்னலை நானே திறந்துவிட்டேன்.

கீழ்க்கொப்புகள் மொட்டையாக இருந்தாலும் மேலே பூ அப்படியே இருந்தது. ஒன்று கழன்று சுழன்று வந்தது. ஹாஜியாரின் கண்கள் அதோடு கூடவே இறங்கின.

இன்னும் நாலைந்து பூ விழுந்த பிறகு படுத்தபடியே போனை எடுத்தார்.

"நாளைக்கு வர வாணாம். இல்ல, அவங்க திரும்பி வரல்ல. நான்தானே செல்ற, வர வாணாமெண்டு. என்ர மரம்தானே?"

போனை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "பீலி அடச்சா உங்களத்தான் கூப்பிடுவன்" என்றார் என்னைப் பார்க்காமல்.

"சரி ஹாஜியார்."

துவைத்த துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு மனைவி உள்ளே வந்தாள். கட்டிலில் வீட்டுச் சொந்தக்காரர் படுத்திருப்பதையும் நான் பக்கத்தில் நிற்பதையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். என்ன நடக்கிறது என்று கண்ணால் கேட்டாள்.

"தங்கச்சி," என்றார் ஹாஜியார், "இன்னொரு தலவாணி ஈந்தா தாங்க. உச்சிக் கொப்பு சரியா விளங்குதில்ல."