சிமெண்டில் ஒரு சிவப்புக் கறை

ஒரு மனிதரின் விரல்களை நான் வேண்டுமென்றே நசுக்கினேன். பிறகு அது அவருடைய கவனக்குறைவு என்று பொய் சொல்லி, அவருடைய வேலையையும் போக்கினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் இருந்தோம். என் காரின் கியர்பாக்ஸ் எண்ணெய் ஒழுகிக்கொண்டே இருந்தது. அந்த எண்ணெய் சிவப்பாக இருக்கும். கார் விற்றவர்களின் பட்டறையில் இரண்டு முறை வாரண்டியில், கசிவை அடைக்கும் ரப்பர் சீலை மாற்றினார்கள். இரண்டு முறையும் சில வாரங்களில் வீட்டு வாசலில் மறுபடி கறை. மூன்றாம் முறை விட்டபோது வாரண்டி முடிய நூறு மைல்கூட இல்லை.

அங்கிருந்த மெக்கானிக் யாழ்ப்பாணத்துக்காரர். தன் அகதி மனு இன்னும் முடிவாகவில்லை என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். தமிழன் என்று நம்பிச் சொன்னது.

மூன்றாம் முறை காரை எடுத்து வந்தவள் என் மனைவி. மறுநாள் காலை வாசல் சிமெண்டில் சிவப்புக் கறை. குனிந்து தொட்டுக்கூடப் பார்க்காமல் பட்டறைக்கு ஓட்டினேன். மதியச் சாப்பாட்டு நேரம்; அவர் மட்டும் இருந்தார். பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளவுகோலை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துக் காட்டினார்.

"இஞ்ச பாருங்கோ அண்ணை, லெவல் கொஞ்சமும் இறங்கேல்லை. நீங்கள் கண்டது வேற ஏதோ."

"வாரண்டி முடியட்டும்னு இழுத்தடிக்கிறியா? போட்ல தப்பிச்சு வந்தவனுக்கெல்லாம் ஸ்பேனர் குடுத்தா இப்படித்தான்."

அவர் அளவுகோலைத் திரும்பச் செருகக் கையை உள்ளே விட்டார். நான் தாங்குகம்பியைத் தட்டிவிட்டு, பானெட்டை இரண்டு கையாலும் அறைந்து மூடினேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கேட்ட பிறகும் அழுத்தினேன். கோபத்தில் கை தவறிவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது.

"அண்ணை, கை," என்றார். அவ்வளவுதான். காரின் முன்விளக்கின் மேல் ரத்தம் வழிந்தது.

மேலாளர் ஓடி வந்தார். கம்பியை மெக்கானிக் சரியாக மாட்டவில்லை, தானாக விழுந்துவிட்டது என்றேன். மெக்கானிக் என்னைப் பார்த்தார். போலீஸ் என்று வந்தால் தன் மனு என்னாகுமோ என்று பயந்து அவர் வாயைத் திறக்க மாட்டார், எனக்குத் தெரியும். அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

பட்டறையிலிருந்து திரும்பிய அன்று மாலை கறையைக் காட்டி மனைவியிடம் கத்தினேன்.

"அது நேத்து நான் கொட்டின ஆரத்திங்க. மூணு வாட்டி ரிப்பேர் ஆச்சே, யார் கண்ணு பட்டுச்சோன்னு காருக்குச் சுத்திப் போட்டேன்."

அவளை அறைந்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அங்க போய் என்ன பண்ணிட்டு வந்தீங்க?" என்றாள்.

சொன்னேன். நாளைக்கே போய் உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். என் கிரீன் கார்டு வரட்டும், இப்போது சொன்னால் அது கிடைக்காது என்றேன். வர இரண்டு வருடம் ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு வாரமும் அவள் அந்தச் சிமெண்டைத் தேய்த்துக் கழுவினாள்.

கார்டு வந்ததும் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைப் பட்டறைக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. இன்னொன்றை எடுத்துக்கொண்டு அவரைத் தேடினேன். டாலஸ் பக்கம் ஒரு மளிகைக் கடையில் அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கல்லாவில் அவர் மனைவி.

கடிதத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீங்களே வாசியுங்கோ அண்ணை. தமிழில சொல்லுங்கோ, இவவும் கேக்கட்டும். ரெண்டு வருசமா என்ர கவனக்குறைவு எண்டுதான் இவ நினைச்சுக்கொண்டிருக்கிறா. நான் சொல்லியும் நம்பேல்லை."

வரிசையில் நின்றவர்கள் முன்னால் வாசித்தேன். பானெட்டை அழுத்திய வரியைத் தாண்டிப் போகப் பார்த்தேன். "அதையும் வாசியுங்கோ," என்றார். வாசித்தேன்.

அந்த அம்மா கணவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், "முடிஞ்சுதோ? ஆக்கள் நிக்கினம். தள்ளி நில்லுங்கோ," என்றார்.

தள்ளி நின்றேன்.