வார்டில் எல்லோருக்கும் எழுபத்திரண்டு

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. பால்காரர் சொம்பைக் கீழே வைக்கும் முன்பே பாலில் விரலை விட்டுப் பார்ப்பேன். காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சாகச் சேர்ந்த பிறகு அது இன்னும் முற்றிவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம். ஆண்கள் வார்டில் இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, ஒரு தறிக்காரர் படுத்திருந்தார். காலையும் மாலையும் அவருக்கு டிஜாக்சின் மாத்திரை. இதயத்துக்குத் தெம்பு தரும் மருந்து. அளவு மிஞ்சினால் அதுவே இதயத்தை நிறுத்திவிடும். ஆகவே கொடுக்கும் முன் ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே இறங்கினால் மாத்திரை கிடையாது, டாக்டரிடம் ஓட வேண்டும்.

ஒரு நாள் காலை அவர் கேட்டார். "ஏம்மா, விரிப்பெல்லாம் ஏன் மஞ்சளா இருக்குது?"

அன்றுதான் வெளுத்து வந்த விரிப்பு. "வெள்ளையாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

"நாப்பது வருஷமா பட்டுல கலர் பாத்துக்கினு இருக்கறேன். வெள்ளைக்கும் சந்தனக் கலருக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறது என்றும் சொன்னார். என் சந்தேகம் நேரே அவர் மனைவி மேல் பாய்ந்தது. அந்த அம்மா தினமும் தூக்கில் கஞ்சியோடு வருவார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எதையோ கணவர் வாயில் போடுவார். நாட்டு மருந்து, வேறென்ன! உள்ளே விடக்கூடாது என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டேன்.

"கோயில் திருநீறுமா, வேற ஒண்ணுமில்ல" என்று அந்த அம்மா கெஞ்சினார். நான் நம்பவில்லை. இரண்டு நாள் கேட்டுக்கு வெளியே தூக்கோடு நின்றார்.

இரண்டாம் நாள் மாலை மாத்திரை கொடுக்கும் முறை எனக்கு வந்தது. மணிக்கட்டில் எண்ணினேன். நாற்பத்திரண்டு. மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். எண்பத்து நான்கு! ஒரு துடிப்பு, அதை ஒட்டி அவசரமாக இன்னொன்று, பிறகு ஒரு நிறுத்தம். அவசரத் துடிப்பு மணிக்கட்டு வரைக்கும் வந்து சேரவே இல்லை. மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரிடம் ஓடினேன்.

புதிதாக வந்திருந்த ஈ.சி.ஜி. பெட்டியை உருட்டி வந்தார்கள். காகிதத்தில் துடிப்புகள் ஜோடி ஜோடியாக நின்றன.

"மருந்து மிஞ்சிப்போச்சு. மஞ்சளாத் தெரியறதும் அதனாலதான்" என்றார் டாக்டர்.

"அந்தம்மாதான் திருட்டுத்தனமா எதையோ கொடுத்திருக்கணும்" என்றேன்.

அவர் சார்ட்டைக் கேட்டார். எந்த நாளிலிருந்து நாடி இறங்கியது என்று பார்க்க வேண்டுமாம்.

சார்ட்டில் நாடி இறங்கவே இல்லை. வேளைக்கு வேளை எழுபத்திரண்டு. பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே எழுபத்திரண்டு. எண்ணாமலே எழுதியிருக்கிறார்கள்! காலை ஷிப்ட் நர்சைக் குறை சொல்ல வாயெடுத்தேன். டாக்டரின் விரல் கருட சேவையன்று மாலை எழுதிய வரியில் நின்றது. கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்களால் தாழ்வாரமெல்லாம் நிரம்பிக் கிடந்த நாள். அந்த எழுபத்திரண்டில், ஏழின் நடுவே ஒரு குறுக்குக் கோடு. அந்த ஆஸ்பத்திரியில் ஏழுக்குக் கோடு போடுபவள் நான் ஒருத்திதான்.

கேட்டுக்குப் போய் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். நான் கேட்காமலே முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டினார். "பாத்துக்கோமா." திருநீறுதான். தூக்கை நானே வாங்கிக்கொண்டு அவரை உள்ளே அழைத்துப் போனேன்.

மாத்திரையை நிறுத்திய சில நாளில், விரிப்பு வெள்ளையாகிவிட்டது என்றார் தறிக்காரர். அன்று அவர் நாடியை இரண்டு முறை எண்ணினேன். அந்த அம்மா பக்கத்திலேயே நின்று, நான் எண்ணுகிறேனா என்று என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.