வெயிலில் ஓடும் குளிர்பெட்டி

சூரிய வெளிச்சத்தில் ஓடும் குளிர்பெட்டி பழவேற்காட்டு ஏரிக்குள் தீவாகக் கிடக்கும் எங்கள் பசியாவரத்துக்கு வந்தது என் தங்கச்சிக்காகத்தான் என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அவ்வளவு முட்டாள் நான்.

தங்கச்சி புருஷனை இழந்தவள். ஏரியில் இறங்கிக் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பாள். வெயில் ஏறினால் இறாலின் தலை கறுத்துவிடும் என்பதால், கரையில் நிற்கும் வியாபாரி கேட்கிற விலைக்கே கொட்டிவிட்டு வருவாள். இரண்டு நாள் குளிரில் வைக்க முடிந்தால் போதும், பொன்னேரி மார்க்கெட்டில் தானே உட்கார்ந்து விற்பாள். இல்லையென்றால் இறால் உரிக்கிற கம்பெனிதான். மகளை என்னிடம் விட்டுவிட்டு அங்கேயே விடுதியில் தங்க வேண்டும்.

பெட்டியைக் கொண்டுவந்த அதிகாரி கூட்டம் போட்டுப் பேசினார். வெயிலில் கரன்ட் எடுத்தால் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் வெளிநாட்டுக்குக் கொட்டுகிற காசு மிச்சமாகும், அது தொழிலாக மாறும், வேலையாக மாறும், நாடு வளரும் என்றார். தங்கச்சி என் காதருகே வந்து, "அதெல்லாம் வளரட்டும்க்கா, எத்தினி கூடை புடிக்கும்னு கேளு" என்றாள்.

ஏரியில் எங்களுக்குப் பாடு என்று ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வோம். கிடைத்த முறையை யாருக்கும் கைமாற்றக் கூடாது. மாற்றவிட்டால் வசதி உள்ளவன் எல்லாவற்றையும் வளைத்துவிடுவான். ஆனால் ஆம்பளை இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது.

பெட்டியை எப்படிப் பங்கிடுவது என்று ஊர் கூடியபோது நான்தான் எழுந்தேன். "இதுக்கும் பாடு வைங்க. என் தங்கச்சி பேரும் சீட்டுல வரணும். இது இன்னா வலையா, ஆம்பள வந்து இழுக்கறதுக்கு?" என்றேன். சிரித்தார்கள், ஒத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்று முடிவானது. அன்றைக்கு எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. இறாலுக்கு எங்கள் முறை தெரியாது என்பது என் மரமண்டைக்கு ஏறவே இல்லை.

அமாவாசைத் தண்ணீரில் ஒரு நாள் ஏரி இறாலை அள்ளிக் கொடுத்தது. தங்கச்சி இரண்டு கூடை நிறையத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அன்றைய பாடு வேறு இரண்டு வீட்டுக்கு. அந்த வீட்டு ஆண்கள் சென்னைக்குப் பெயின்ட் அடிக்கப் போயிருந்தார்கள். பெட்டி காலியாகக் குளிர்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண்கள், "வெச்சிக்கோயேன், எங்களுக்கு இன்னா" என்றார்கள். ஊர்த் தலைவர் சாவியைத் தரவில்லை.

"இன்னிக்கு இதுக்கு வுட்டா, நாளிக்கு ஏரிலயும் கைமாத்தணும்னு வருவாங்க. நீதானமா பாடு வைக்கச் சொன்ன?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் சண்டை போட்டுச் சாவியைப் பிடுங்கியிருக்கலாம். சும்மா நின்றேன். தங்கச்சி கூடைகளைத் தூக்கிக்கொண்டு வியாபாரியிடம் போனாள். வியாபாரி கறுத்த தலைகளைக் காட்டிக் காட்டியே விலையைக் குறைத்தான்.

அவளுடைய முறை வந்தபோது மழை மூட்டம். பெட்டி ஓடவே இல்லை. அடுத்த வாரம் கம்பெனி வேன் அக்கரையில் பழவேற்காட்டுக்கு வந்தது. மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரமாகப் பார்த்துத் தங்கச்சி படகு ஏறிவிட்டாள்.

அந்தக் கம்பெனியின் கூரை முழுக்கச் சோலார் தகடுதானாம். அதிகாரி சொன்னதில் பொய்யில்லை. வெயில் வேலையாக மாறிவிட்டது, நாடும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். என் தங்கச்சி அதற்குள்ளே ஐஸ் தண்ணீரில் கையை விட்டு, யாரோ பிடித்த இறாலை உரிக்கிறாள். விரல் மரத்துப்போய்ச் சோற்றைப் பிசைய வரவில்லை என்கிறாள்.

போன வாரம் அதிகாரி மறுபடி வந்தார். மீட்டரைப் பார்த்து, வெயில் அடித்த நாளெல்லாம் பெட்டி ஓடியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டுப் படம் எடுத்துக்கொண்டார். உள்ளே காலியா என்று திறந்து பார்க்கவில்லை.

அவர் போன கொஞ்ச நேரத்தில் தங்கச்சி போன் செய்தாள். மகள் சாப்பிட்டாளா என்று கேட்டாள். பிறகு, "பொட்டி ஓடுதாக்கா?" என்றாள்.

"ஓடுது."

"இன்னிக்கு யாரு பாடு?"

சீட்டிலிருந்து அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை.

"உன்னுதுதான்டி" என்றேன்.